காப்பிக் கப்பில் ஏறிய சத்தம்

காலையில் நம் மகள் இன்ஸ்டன்ட் காப்பியைக் கலக்கிவிட்டு, ஸ்பூனால் கப்பின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் டொக் டொக், போகப் போக டிங் டிங். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த கதையைத் தொடங்கினால், "போதும்மா, கேட்டாச்சு" என்பாள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சட்டைப் பையில் புது பட்டன் செல்போன் துருத்திக்கொண்டிருக்க, எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நீங்கள் உயிரோடு இருந்தவரை இதை உங்களிடம் ஒத்துக்கொள்ளவே இல்லை!

உங்களுக்கு செராமிக் கம்பெனியில் வேலை. கப்புகளைத் தட்டிப் பார்த்து, மந்தமாகச் சத்தம் வந்தால் கீறல் என்று ஒதுக்குவீர்கள். கை சும்மா இருக்குமா? நான் அவசரமாகக் கலக்கிக் கொண்டுவந்த காப்பியில் சர்க்கரை போட்டுக் கிண்டிவிட்டு, ஸ்பூனால் கப்பின் அடியில் ஒரு தட்டு தட்டினீர்கள். டொக்.

"கப்பு கீறலுங்க," என்றீர்கள் என் அப்பாவிடம், கொஞ்சமும் கூசாமல்.

உங்கள் நல்லூர் அத்தை எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கீறல் கப்பா? எந்திரிடா, போவலாம்." என் அம்மாவின் முகம் செத்துப்போனது.

இயற்பியல் படித்த வாய் சும்மா இருக்குமா? "கப்புல ஒண்ணுமில்லீங்க. மறுபடி தட்டுங்க, தட்டிகிட்டே இருங்க," என்றேன். தட்டினீர்கள். சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"கலக்குனதுல பொடிப்பொடியா காத்து இருக்குது. அதுல ஒலி அலை மெதுவாத்தான் போவும். காத்து வெளிய போவப் போவ வேகம் கூடும், சத்தமும் கூர்மையாவும்."

"பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு பாடம் எடுக்குது!" என்றார் அத்தை. அப்பா என்னை முறைத்தார். சரி, இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால், அதுவும் சொந்தத் தொழிலில் தப்பு என்று சொல்லிவிட்டேனே, எந்த ஆம்பளை பொறுப்பான்?

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். "அட, ஆமாம்! இத்தன நாளும் காலி கப்பத்தான தட்டியிருக்கேன்!"

"பொண்ணு புடிச்சிருக்குதா, இல்லியாடா?"

"இருங்க அத்த. இன்னொரு காப்பி போடச் சொல்லுங்க. மொதல்லேருந்து கேக்கணும்."

நேற்று வகுப்பில் அலைகள் பாடம். கரும்பலகையில் நான் போட்டது தப்பென்று கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னாள். சொல்லிவிட்டு, பயந்துபோய்ப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே, மூக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால், வந்தது உங்கள் சிரிப்பு. அந்தப் பெண்ணும் பயம் விட்டுச் சிரித்தாள்.