தோள் அளவு

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒல்லிக்குச்சி என்று நீங்கள் பேர் வைத்த உங்கள் ஊசி எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோபத்தில் தையல் மெஷினை மிதிமிதியென்று மிதிக்காதீர்கள்.

ரொட்டிக் கடை வேலை நன்றாகப் போகிறது. ஞாயிறு மாலையில் ஞானஸ்நான வகுப்பு. நான், ஒரு பிளம்பர், ஒரு பஸ் டிரைவர், மூன்றே பேர். டிரைவர் அண்ணன் பத்துக் கட்டளையை ஒப்பிக்கும்போது ஏழாவது வந்ததும் மறந்துபோய் பிரேக் போட்டுவிடுவார். வகுப்பெடுக்கும் டீச்சரம்மா சிரிப்பதேயில்லை. போன வாரம் என்னிடம், "உன் முடிவால யார் மனசு நொந்துச்சு?" என்று கேட்டார். உங்களைச் சொன்னேன். "அப்ப முதல்ல அவருக்கு எழுது. அப்புறம் தண்ணியில இறங்கலாம்" என்றார்.

அதனால் கேட்கிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு ஞானஸ்நானம். வெள்ளை அங்கி வேண்டும். தைத்துத் தருவீர்களா? வந்து முன்வரிசையில் உட்காருவீர்களா? இந்த இரண்டு வருஷத்தில் வேறு யார் தைத்ததைப் போட்டாலும் இரவல் துணி மாதிரியே இருக்கிறது.

உங்கள்
ஊசி

மார்ச் 15

நலம். முழங்கால் என் கவலை.

கிறிஸ்தவளாகப் போகிறேன் என்று நீ இதே கடையில் நின்று சொன்ன அன்று, இனி இந்தப் படி ஏறாதே என்றேன். நீயும் ஏறவில்லை. வாழ்க்கையில் நீ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கேட்பவர்களுக்கெல்லாம் தைக்கிறேன். ஆனால் செத்துப்போன உன் அம்மா கும்பிட்ட சாமியை விட்டுப் போக, அந்தத் துணியையும் என் கையாலேயே வெட்டச் சொல்கிறாயே! முடியாது. இனி எழுதாதே.

அப்பா

மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

சபையில் பொது அங்கி இருக்கிறது. அதையே போட்டுக்கொள்கிறேன். மெல்லிய துணி. ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரில் இறங்கினால் குடை மாதிரி மேலே விரியுமாம். டீச்சரம்மா பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வாராம். கூச்சமாகத்தான் இருக்கிறது.

அம்மாவை நான் விடவில்லை அப்பா. தினமும் ஜெபத்தில் அவளைத்தான் முதலில் நினைக்கிறேன், அடுத்து உங்களை. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. மெஷின் சத்தம் கேட்டால் எந்தக் கடை வாசலிலும் நின்றுவிடுகிறேன்.

உங்கள்
ஊசி

ஏப்ரல் 19

ஊசிக்கு,

பார்சலைப் பார்த்துப் பிரி, கத்தரி வைக்காதே.

பெற்ற பெண் நாலு பேர் முன்னால் துணி மிதக்க நின்றால், தையல்காரன் நான் இருந்தென்ன, இல்லாமல் என்ன? கனத்த பருத்தித் துணி. ஜன்னல் திரைக்கு வைக்கிற மாதிரி அடிமடிப்பில் சுற்றிலும் ஈயக்குண்டு வைத்திருக்கிறேன். எழும்பாது. அளவு நோட்டில் உன் பக்கம் இருந்தது, அதைப் பார்த்து வெட்டினேன்.

நான் வர மாட்டேன். கட்டாயப்படுத்தாதே.

அப்பா

ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

அங்கி எனக்குத் தோளில் ஏறவேயில்லை. இரண்டு வருஷம் மாவு பிசைந்ததில் தோள் அகன்றுவிட்டது. உங்கள் ஊசி இப்போது உலக்கை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அழுதேன். டீச்சரம்மா அங்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா உள்ள ரெண்டு விரல் துணி விட்டிருக்காரும்மா" என்றார். வளரும் பிள்ளைக்குத் தைப்பதுபோல் தைத்திருக்கிறீர்கள். பிரித்து, நானே கையால் தைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோணல்.

இடுப்பளவு தண்ணீர். டிரைவர் அண்ணனின் அங்கி பந்தாக உப்பியது. என்னுடையது அடங்கிக் காலோடு நின்றது. மூழ்கி எழுந்ததும் முன்வரிசையைத்தான் பார்த்தேன். உங்களுக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.

உங்கள்
ஊசி

மே 9

ஊசிக்கு,

கோணல் தையலா? என் பெண் என்று வெளியே சொல்லிவிடாதே.

நோட்டில் பழைய அளவை அடித்துவிட்டேன். புது அளவை எழுதி அனுப்பாதே, உனக்கு டேப் பிடிக்கத் தெரியாது. நேரில் நின்றால்தான் எடுக்க முடியும். செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு, வேறு யாரும் வர மாட்டார்கள்.

அந்த அங்கியையும் எடுத்து வா. படி ஏறி வா.

அப்பா