முன்சீட்டில் சரோ

8/7 செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். மலை தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். பள்ளி வேனில் ஏர்கோன் மறுபடி மக்கர். பிள்ளைகள் ஒரே கூச்சல். சரோதான் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி அடக்கிக்கொண்டு வந்தாள். அவள் என்கூட வேனில் ஏறத் தொடங்கியதிலிருந்து தாய்மார்கள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. எதற்கெடுத்தாலும் "சரோக்கா".

வாங்க வேண்டியவை: பிரேக் எண்ணெய், அரிசி, கொசுவத்தி.

வீட்டுக்கு வந்து பசியாறும்போது சரோ சொன்னாள். குடியை விட்டவர்கள் சனிதோறும் டவுனில் ஒரு கடை மேல்மாடியில் கூடுகிறார்களே, அவர்கள் ஞாயிறன்று ஆண்டுவிழா விருந்து வைக்கிறார்கள். இந்த முறை மேல்மாடியில் இல்லை. எங்கள் குடியிருப்பில், தாமான் மண்டபத்தில், அக்கம்பக்கம் எல்லாரையும் அழைத்து.

"என்னைய மைக்ல பேசச் சொன்னாங்க. சரின்னுட்டேன்."

"நம்ம தாமான்லயா?"

"தெரிஞ்சவங்க கேக்கணும் லா. தெரியாதவங்ககிட்ட பேசி என்னா?"

கோப்பி ஆறிப்போனது.

அவள் குடித்தது இங்கே ஒருவருக்கும் தெரியாது. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் மகள் கவிதா பிறந்தபோது, உடம்பு தேறட்டும் என்று பெரியவர்கள் ஊற்றிக் கொடுத்தது. தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு அவளாக ஊற்றிக்கொண்டது. கேட்டவர்களுக்கெல்லாம் 'கேஸ்ட்ரிக்' என்றே சொல்லிவைத்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதுதான். இப்போது நன்றாக இருக்கிறாள். நன்றாக இருக்கும்போது எதற்கு மைக்?

9/7 புதன்

வெயில். பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

விருந்து அழைப்பை யாரோ பெற்றோர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். சரோ பெயர் இருக்கிறது. நல்ல வேளை, படம் இல்லை.

காலையில் ஷாலினியின் அம்மா கேட் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த அழைப்புல சரோஜான்னு போட்டிருக்கே, அது நம்ம அக்காவா?"

"சே சே. அது வேற யாரோ சரோஜா மா."

வாயிலிருந்து தானாக வந்தது. சரோ வேன் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

பள்ளியில் பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசிப் பிள்ளையின் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வேற சரோஜா யாரு? எனக்கும் காட்டுங்க, பாப்போம்."

மத்தியானச் சாப்பாடு: ரசம், நெத்திலி பொரியல்.

10/7 வியாழன்

இரண்டு வீட்டில் இனி பிள்ளைகளை வேனில் அனுப்பப்போவதில்லை என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள். காரணம் எழுதவில்லை.

எதிர்வீட்டு ராஜு அண்ணே வழக்கம்போலச் சாயங்காலம் வாசலில் பீர் போத்தலோடு. கோயில் பொறுப்பில் இருப்பவர். எல்லாரும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரோ துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரு குடிச்சா அலுப்பு. நான் குடிச்சா குடிகாரி. நான் விட்டாக்கூட குடிகாரி."

நான் சொன்னது: "நாளைக்கு நீ வேன்ல வர வேணாம். கொஞ்சம் அடங்கட்டும்."

"எதுவரைக்கும்?"

தெரியவில்லை என்றேன்.

அவள் தண்ணீர் போத்தலை முகர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அவள் குளிக்கப் போகும்போது ஒரு தடவை. இத்தனை காலமாக அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். இன்று குளிக்கப் போகுமுன் போத்தலை மேசையில், மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். முகரத் தோதாக.

வெறும் தண்ணீர்தான்.

11/7 வெள்ளி

நான் மட்டும் ஓட்டினேன். பின்னால் அடிதடி. சின்னவன் ஒருவன் வாந்தி. "சரோக்கா எங்க?" என்று வழியெல்லாம் கேள்வி. காய்ச்சல் என்றேன். மறுபடியும் ஒரு சீக்கு கண்டுபிடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. போன் அடைத்திருந்தது. மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தேன். அப்போதும் இல்லை.

எங்கே போனேன் என்பதை இங்கே மட்டும் எழுதலாம். பழைய ஃப்ளாட்டுக்குப் பின்னால், அவள் அப்போது சம்சு சாராயம் வாங்கிய கடைக்கு. கடை முதலாளி தவுக்கேவுக்கு வயதாகிவிட்டது. ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது.

"உங் பொண்டாட்டி இங்க வர்ல லா. ரொம்ப நாளாச்சு. நல்லா இருக்கா?"

நல்லா இருக்கா என்று அவளைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் சம்சு விற்றவர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மழை பிடித்தபோது வந்து சேர்ந்தாள். சட்டையெல்லாம் நனைந்து, வாந்தி வாடை. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"போலீஸ்காரன் மாதிரி நிக்கிறீங்க. ஊதவா?"

ஊதவே செய்தாள். கோப்பி வாசம்.

கோப்பெங்கில் ஒரு பெண், பெயர் பரமேஸ். குடியை விட்டு நான்கைந்து நாள்தான் ஆகிறதாம். கைகால் நடுங்கி விழுந்து கிடக்கிறாள் என்று அவள் அம்மா போன் செய்திருக்கிறாள். சரோ பஸ் பிடித்துப் போய், கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வாந்தியைத் துடைத்துவிட்டு, ஊசி போடவைத்து, அவள் தூங்கும்வரை இருந்துவிட்டு வந்திருக்கிறாள். போனில் சார்ஜ் இல்லை.

"சொல்லிட்டுப் போகலாம்ல?"

"சொன்னா நம்புவீங்களா?"

12/7 சனி

பள்ளி இல்லை. டயர் மாற்றினேன். சட்டை பட்டன் தைக்க வேண்டும்.

கவிதா தெலுக் இந்தானிலிருந்து போன். முதலில் என்னிடம். "அப்பா, அம்மாவ பேச வேணாம்னு சொல்லுங்க. என் மாமியார் காதுக்குப் போச்சுன்னா நான் இங்க எப்படிப்பா இருக்கறது?" அழுதாள். எனக்கும் அவள் சொல்வது சரியாகவே பட்டது. போனைச் சரோவிடம் கொடுத்தேன்.

சமையலறையிலிருந்து கேட்டது: "நீ ஸ்கூல் போட்டியில ஆடுனப்ப நான் வரல, விழுந்து கெடந்தேன். அத நீ யார்கிட்டயும் சொல்லல, சரி. இப்ப எழுந்து நிக்கிறேன் மா. அதையும் மறைக்கணுமா?"

அந்தப் பக்கம் கவிதா என்ன சொன்னாள் என்று தெரியாது. சரோ போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினாள்.

13/7 ஞாயிறு

காலையிலிருந்து மழை. மண்டப வாசலில் சரோவை இறக்கிவிட்டேன். பச்சைச் சேலை. நான் உள்ளே போகவில்லை. தலைவலி என்றேன். வேனிலேயே இருந்தேன்.

ஜன்னல் வழியே பார்த்தேன், நாற்காலிகள் பாதி காலி. மைக் சத்தம் வெளியே நன்றாகக் கேட்டது. ஒருவர் பேசினார், ஒரு பாட்டு, பிறகு அவள் குரல்.

"எனக்கு சீக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தோம். சீக்குதான், பொய்யில்ல. ஆனா சீக்குன்னா நாலு பேரு ஆப்பிள், ஆரஞ்சுன்னு வாங்கிட்டு வந்து பாப்பாங்க. என்ன சீக்குன்னு தெரிஞ்சவங்க ஒருத்தரும் வரல."

சிரிப்பு.

"என் வீட்டுக்காரரு வெளிய வேன்ல இருக்காரு. மூணு மாடி என்னைய தூக்கிட்டு எறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அவருதான். உள்ள வரதுக்கு அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேணும். இருக்கட்டும். எனக்கும் நாளாச்சு."

ஜன்னல் பக்கம் தலைகள் திரும்பின. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். வெட்கமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. அவர்கள் கை தட்டி முடிக்கும்முன் இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சட்டை நனைந்துவிட்டது. பக்கத்தில் ஓர் ஒல்லிப் பெண், அவள் அம்மாவோடு. கப்பைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. பரமேஸ் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. கப்பைப் பிடித்துக்கொண்டேன். குடித்தாள்.

சரோ கேக் வெட்டினாள். எனக்கு ஊட்டவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

கவிதா வரவில்லை, போனும் இல்லை.

14/7 திங்கள்

தூறல். வேனைக் கிளப்பும்போது சரோ வாசலிலேயே நின்றாள். முன்கதவைத் திறந்து வைத்தேன். ஏறினாள்.

ஷாலினி வீடு. அம்மா குடையோடு வந்தாள், பிள்ளை இல்லாமல். சரோ பக்கம் பார்க்கவே இல்லை.

"அண்ணே, இனிமே அவங்க அப்பாவே கொண்டு விடுவாரு."

"சரி மா. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். அது இவதான்."

"தெரியும்ண்ணே" என்றாள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரோ மூக்கை உறிஞ்சினாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த வீடு. ஹார்ன் அடித்தேன். கதவு திறக்கவில்லை. சரோ இறங்கி, வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்து பிடித்தபடி மழையில் நின்றாள். மறுபடி அடித்தேன். திரைச்சீலை அசைந்தது.

எஞ்சினை அடைத்துவிட்டு நானும் இறங்கி அவள் பக்கத்தில் நின்றேன்.