கலப்பத்து அடித்த கார்

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கி, பழைய துறையில் தோணிக்காரர்கள் கைகட்டி நின்ற வருசம்தான் உங்கள் மகள் கல்யாணம், அண்ணாச்சி. இன்று தோணிக்கரையில் குங்கிலியம் காய்ச்சுகிறார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் கறுப்புக் கார் கண்முன் வந்து நின்றுவிட்டது. எனக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வெள்ளைக்காரன் காலத்து வண்டி. உப்பளத்துக் காற்று அதன் சேஸை, அந்த இரும்பு அடிச்சட்டத்தை, அடியிலிருந்தே தின்றுகொண்டிருந்தது. மகள் ரோசம்மாவை அதில்தான் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவேன் என்று நின்றீர்கள். என் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது அடி முழுக்கப் புதுத் தார் மின்னியது.

"ஏலே, மச்சினன் கைவேல. எப்படி இருக்கு?"

உங்கள் மச்சினன் சவேரி தோணிக்குக் கலப்பத்து அடிக்கிறவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் தாரும் பூசித் தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. தாய்மாமன் சீராகக் காரின் துருப்பிடித்த ஓட்டைகளுக்கும் அதையே செய்துவிட்டார்.

சுத்தியலால் தட்டினேன். இரும்புச் சத்தம் வரவில்லை. ஸ்டியரிங் பெட்டியைத் தாங்கும் சட்டத்தில் ஸ்குரூ டிரைவர் பிடிவரைக்கும் இறங்கியது. இழுத்தால் பஞ்சு வந்தது.

"அண்ணாச்சி, இது தண்ணியத் தாங்கும், ஆளத் தாங்காது. அறுத்துட்டுப் புதுத் தகடு வைக்கணும்."

"தாய்மாமன் சீர அறுப்பியால? பொறவு அவன் கல்யாணத்துக்கு வருவானா?"

"அப்பம் பொண்ண ஏத்தாதீக."

"நல்ல காரியம் பேசும்போது வாயக் கழுவுலே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் எப்போதும் அறைந்து சாத்துகிற கதவை அன்று மெல்லச் சாத்தினீர்கள்.

கல்யாணத்தன்று மாலை கட்டிய கார் கோயிலுக்கு வந்தது. உள்ளே நீங்கள் மட்டும். ரோசம்மா பின்னால் வாடகைக் குதிரைவண்டியில் அழுதுகொண்டு வந்தாள்.

"அத்தான், பொண்ணு எங்க?" என்றார் சவேரி.

"காருக்குள்ள வெக்கையா இருக்காம். காத்தாட வாரா."

"என் வேல எப்படி?"

"ஒரு சொட்டு உள்ள வரல, மாப்ள."

பூசை முடிந்து நீங்கள் வண்டியை எடுத்தபோது ஓடிவந்து கதவைப் பிடித்தேன். "இங்கனயே நிக்கட்டும், அண்ணாச்சி."

"சவேரி பாக்கான்லே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்.

உப்பளத் திருப்பத்தில் சட்டம் முறிந்து, கார் வாய்க்காலுக்குள் உருண்டது. தூக்கி நிறுத்தியபோது பின்சீட் இருந்த இடமே தெரியவில்லை. முன்னால் நீங்கள் இருந்தீர்கள், மூச்சு இல்லை.

பிரேக் போய்விட்டது என்றே ஊரில் சொன்னேன். சவேரியும் சாகும்வரை அதைத்தான் நம்பினார். நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த அவர் மானத்தை நான் கெடுக்கவில்லை.

ஆனால், "கல்யாணத்தன்னைக்கு எங்கய்யா என்னக் கார்ல ஏத்தல" என்று உங்கள் மகள் இப்போதும் குறைப்படுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருக்க இனி முடியவில்லை. யாருக்காக மறைத்தேனோ அவரே போய்விட்டார். அன்று கோயில் வாசலில் நின்ற நம் நாலு பேரில், என்னை விட்டால், மிச்சம் இருப்பது ரோசம்மா ஒருத்திதான். இந்தத் தாள் அவள் கைக்குத்தான் போகிறது.