சக்கரத்தடி மண்

1932, ஆனி 12

ஜல்லி இழுத்த பழைய ரயில் இஞ்சினில் முளைத்திருந்த வேப்பங்கன்றை இன்று வெட்டிவிட்டார்கள். அஞ்சு வருடமாக ரயிலடிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததை, வேறு ஊரில் கல் இழுக்கக் காண்டிராக்டர் பழுது பார்க்கிறாராம். இங்கே பாதை போட்டபோது என் மகன் சோணைமுத்து அதன் அடியில்தான் செத்தான். அகாலத்தில் செத்தவனைப் பட்டவன் என்று சாமியாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். வெள்ளிதோறும் அந்தச் சக்கரத்துக்குப் பொட்டு வைத்து விளக்கேற்றுகிறேன். அவனுக்கு வேறு கோயில் ஏது?

மேஸ்திரி அதே அழகுசுந்தரம். "குடிச்சுட்டு அடியில படுத்துட்டான்" என்று அன்றைக்கு ஊர் கேட்கச் சொன்னவன். என் மகன் உள்ளே புகுந்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். இஞ்சினை நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டியது யார்? நான் மறந்துவிடுவேன் என்று எழுதவில்லை. இல்லை என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆனி 14

மருது அங்கே கூலிக்குப் போகிறான். சோணைமுத்து பெற்ற பிள்ளை! அப்பனைத் தின்றதுக்கு எண்ணெய் போடுகிறான்.

"வயலு காஞ்சு கெடக்கு. வேற வேலை எங்கிட்டு இருக்கு அப்பத்தா?"

சோற்றை மட்டும் வைத்தேன்.

ஆனி 29

மருது இஞ்சினின் பித்தளைத் தகட்டைத் தேய்த்தானாம். 1874 என்று இருக்கிறதாம். நான் பிறந்ததும் அப்போதுதான். சீமையிலிருந்து வந்து, வடக்கே எங்கெங்கோ சுமை இழுத்து, ஏலத்தில் இங்கே வந்து சேர்ந்ததாம். அதுக்குப் புதுக் குழாய் போடுகிறார்கள். எனக்கு முட்டி மடங்கவில்லை.

ஆடி 7, வெள்ளி

மேஸ்திரி என் வாசலுக்கு வந்தான். பாயிலரில் தண்ணீர் நிரப்பியாயிற்று. நெருப்பு வைக்க ஆள் இல்லை.

"பட்டவன் இருக்குற எடமாம். ஆத்தா உத்தரவு இல்லாமக் கை வைக்க மாட்டேங்குறாய்ங்க."

"குடிகாரனுக்கா பயப்படுறாய்ங்க?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"கையக் காட்டுனது யாருன்னு அத்தனை பேரு முன்னால சொல்லு. பிடிமண்ணு எடுத்து எம் மகனை வீட்டுக்குக் கூட்டியாந்துர்றேன்."

வந்த வழியே திரும்பிப் போனான்.

ஆடி 10

அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

"நாந்தான் கையக் காட்டுனேன். அவன் அடியில இருந்ததப் பாக்கல. குடிச்சிருந்தான்னது பொய்யி."

இஞ்சின் ஓடவேண்டுமே என்று சொன்னான். வேறெதற்கு? இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் உசுரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கேட்டும் நெஞ்சு ஆறவில்லை.

சக்கரத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து முந்தியில் முடிந்தேன். சாமி இடம் மாற அது போதும். வீட்டுக்குப் பின்னால் பனையடியில் ஒரு கல்லை நட்டு, அந்த மண்ணைப் போட்டேன்.

முதல் நெருப்பை வைத்தது யாரென்று சாயங்காலம்தான் தெரிந்தது. மருது.

"அப்பாதான் வீட்டுக்கு வந்துட்டாருல்ல. இன்னும் என்ன பயம்?"

ஆடி 19

இஞ்சினோடு அவனும் போகிறான். கரி அள்ளிப் போடுகிற வேலையாம். போகாதே என்றேன். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன் —

"உத்தரவு குடுத்தது நீதான அப்பத்தா?"

இதையும் மறக்கமாட்டேன்.

ஆடி 28, வெள்ளி

பனையடிக் கல்லுக்கு விளக்கேற்றினேன். அதற்குப் பிறகும் கால் ரயிலடிக்கே போனது. இஞ்சின் நின்ற இடத்தில் எண்ணெய் சிந்திய தரை. குனிந்து ஒரு பிடி மண் அள்ளி முந்தியை விரித்துவிட்டேன்.

சீ, உசுரோடு இருக்கிறவனுக்கு இதைச் செய்வார்களா?

உதறிவிட்டேன். வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எண்ணெய் போகவில்லை.