பெயர் சொன்னதற்கு அபராதம்

கோஹாட்,
நவம்பர் 1931

என் அன்பே,

நேற்று ஆபீசர் மெஸ்ஸில் அத்தனை பேரும் என் செலவில் ஒயின் குடித்தார்கள். காரணம் நீ!

எங்கள் சட்டம் உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னவன் எல்லாருக்கும் ஒயின் வாங்கித் தர வேண்டும். பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து நான் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. கர்னலே இரண்டு தடவை மாட்டியிருக்கிறார்.

நேற்று அவர் என்னைப் பார்த்து, "அடுத்த வருஷம் நான் ஊருக்குக் கிளம்புறேன். பட்டாலியன் இனி உன் கையிலதான். என்னப்பா சொல்றே?" என்றார்.

இதற்காகத்தானே இத்தனை வருடம் இந்த எல்லைப்புற மலைகளில் வெந்தேன்! நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரோசலிண்ட் வீட்டுக்கு வரச் சொல்றா, சார்."

"மாட்டிக்கிட்டான்யா! ஊத்துங்க!" என்று டாக்டர் பென்ரோஸ் மேஜையைத் தட்டினான். கர்னல் மட்டும் சிரிக்கவில்லை.

"வாய் தவறி வந்துச்சா, இல்ல இதான் பதிலா?"

"பதில்தான், சார்."

காலை அணிவகுப்பில் சுபேதார் மேஜர் ஷேர்தில் மீசைக்குள் சிரித்தார். "மேம்சாகிப்தான் ஜெயிச்சாங்களாமே, சாகிப்?"

"ஆமா."

"எங்க வீட்டுல கல்யாணத்தன்னைக்கே ஜெயிச்சாச்சு. நீங்கதான் லேட்டு."

வருத்தமா என்று கேட்காதே. நம் மகள் என்னை 'அந்தப் போட்டோ' என்று சொல்வதாக எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை.

வசந்தத்தில் வருகிறேன். போட்டோவைக் கழற்றி வை. நம் வீட்டு மேஜையில் உன் பெயரை வாய் வலிக்கச் சொல்வேன். எவனுக்கும் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன்.

உன்
அபராதக்காரன்