பிசாசுக்கு நான் பாடவில்லை

அன்பு மகளுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் இங்கே சுகம், முட்டிவலி என்னைவிடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடி இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உங்களைத்தான் முதலில் நினைக்கிறேன். மாடியில் இருக்கும் தையற்காரி தண்ணீர்க் குழாயை மூடாமல் ஊருக்குப் போய்விட்டாள், நம் சமையலறைச் சுவர் ஊறிப்போய்ப் பெயின்ட் உரிந்து தொங்குகிறது. உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக என் தலைச்சாயத்தைக் குறை சொன்னாள், அதனால் பார்வை நன்றாகவே வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம். அதற்கப்புறம் இத்தனை வாரமாக நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நம் சபைக் கமிட்டித் தலைவர், அதான் அந்தப் பல் டாக்டர், உனக்கே போன் போட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா என்றாராம். நீயும் அவருக்கு வக்கீலாகி, அவங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சிட்டுப் போயேம்மா, உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது என்று என்னிடம் கேட்டாய். என்ன குறையும் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

சபையின் புதுக் கட்டடத் திறப்புக்கு வெளிச் சபைக்காரர்கள் எல்லாம் வருவதாக இருந்தது, அன்றைக்கு ஆராதனைப் பாட்டை நடத்த வேண்டியவள் நான். அதற்கு முன் எழுந்து நின்று பழைய வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி சொல்லவேண்டும், சொன்னால்தான் மைக் என்று கமிட்டி முடிவு செய்து, சாட்சியையும் அவர்களே எழுதிவிட்டார்கள். டாக்டர் என்னைக் கிளினிக்குக்கு வரச்சொல்லி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பல்வலிக்காரர்களுக்கு நடுவில் உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தார். வாயைத் திற என்று சொல்லியே பழகின மனுஷர், என் வாயிலிருந்து என்ன வரவேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார். இத்தனை வருடம் பிசாசுக்குப் பாடினேன், சேற்றில் கிடந்தேன் என்று ஆரம்பம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பாப் பாட்டுப் பாடிய இடங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள் பாப்பா? சம்பள நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்த மெக்கானிக், நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடிய கடைப் பெண்கள், புதுசாகக் கல்யாணமாகிக் கையை விடாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். இவர்களில் யார் பிசாசு? எனக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்த உன் அப்பாவா? ஜிகினாச் சட்டை போட்டது உண்மை, இடுப்பை ஆட்டியதும் உண்மை, காதல் பாட்டுத்தான் பாடினேன், கேட்டவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பாட்டுக் காசில்தான் நீ படித்தாய். உன் பல்லுக்குக் கம்பி போட்டவர் இதே டாக்டர்தான், பிசாசின் காசு வேண்டாம் என்று அப்போது அவர் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நான் சபைக்குப் பாட வந்த கதை உனக்குத் தெரியும், நீயும் அங்கே இருந்தாய். அப்பாவின் அடக்க ஆராதனையில் எல்லாரும் பாட, நானும் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர்கள் பாடியது பாட்டா அது, சுருதி ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம், டாக்டர் எல்லாரையும்விடச் சத்தமாக எல்லாரையும்விட அபசுரமாக. ஆனாலும் ஊருக்கெல்லாம் பாடிய எனக்கு, எனக்காக மற்றவர்கள் பாடியதை அன்றைக்குத்தான் கேட்கக் கிடைத்தது. நான் விழாமல் நின்றது அதனால்தான். அடுத்த ஞாயிறும் போனேன், அப்புறம் போகாமல் இருக்க முடியவில்லை. முதல்முறை என்னைப் பாடச் சொன்னபோது என்ன கூத்து நடந்தது என்று உனக்குச் சொல்லவேயில்லை. பாடி முடித்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து, நன்றி நன்றி, அடுத்த பாட்டு உங்களுக்காக என்று சொல்லிவிட்டேன். சபை முழுக்கக் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தது. போதகர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க இருமினார். கீபோர்டு வாசிக்கும் பஸ் டிரைவர் தம்பிதான் பிறகு தனியாகக் கூப்பிட்டு, அக்கா நீங்க ரொம்ப நல்லாப் பாடுறீங்க, அதான் சிக்கல், உங்க உயரத்துக்கு ஜனங்களால ஏற முடியலை என்றான். அன்றிலிருந்து சுருதியை இறக்கினேன். கைதட்டல் வாங்கித் தந்த என் உச்சிக் குரலை எடுத்து வைத்துவிட்டேன், சபை பாட்டைப் பிடித்துக்கொண்டதும் மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகரவும் கற்றுக்கொண்டேன். அந்த ஓரடிக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கு இருக்கும் நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதைச் சாட்சி சொல்லச் சொல்லியிருந்தால் நாள் முழுக்கச் சொல்லியிருப்பேன். என்ன குறையும் என்று கேட்டாயே, அந்தத் தாளைப் படித்திருந்தால் உன் அப்பா குறைந்திருப்பார்.

திறப்பு நாளன்று தாளை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். அடக்க ஆராதனையைப் பற்றிச் சொன்னேன், டாக்டரின் அபசுரத்தையும் விடவில்லை, ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம், நான் ஒருநாளும் பிசாசுக்குப் பாடினதில்லை, மனுஷங்களுக்குப் பாடினேன், இப்போ தேவனுக்குப் பாடுறேன், தொண்டை அதே தொண்டைதான், அவர் குடுத்ததுதான் என்றேன். சிலர் ஆமென் என்றார்கள், சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் பாட்டைத் தொடங்கிவிட்டேன்.

மறுநாளே போதகர் வீட்டுக்கு வந்தார், பாவம், சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்ச நாளைக்குக் கீழ உக்காந்து பாடுங்கம்மா, கமிட்டி வருத்தப்படுது என்றார். உட்காருகிறேன், ஆனால் மன்னிப்பு எழுதித் தரமாட்டேன், வேறு சபைக்கும் போகமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். மைக் போனது வலிக்கத்தான் செய்கிறது. இப்போது டாக்டருக்கு நேர் பின்னால் உள்ள பெஞ்சில் உட்காருகிறேன், வேண்டுமென்றுதான். என் சுருதியைப் பிடித்துக்கொண்டு போன ஞாயிறு மனுஷர் கொஞ்சம் ஒழுங்காகவே பாடினார், திரும்பிப் பார்க்கத்தான் இல்லை.

இன்னொன்று. அத்தை சொல்லித்தான் தெரிந்தது, நீ அங்கே உன் சிநேகிதிகளிடம் அம்மா இசை ஆசிரியை என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். நான் யாருக்கடி பாடம் எடுத்தேன்? டாக்டர் என்னில் பாதியை வெட்டச் சொன்னார், முடியாது என்று சபை நடுவில் நின்று சொன்னேன். அதே பாதியை நீ அங்கே சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறாய். கமிட்டியை என்னால் தாங்க முடியும், இதைத் தாங்க முடியவில்லை.

தேவன் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், நீ கையிட்டுச் செய்யும் வேலை எல்லாம் வாய்க்கட்டும். கோபம் தீராவிட்டாலும் சனிக்கிழமை கூப்பிடு. மறக்காமல் இதையும் செய்: இனி யாராவது உன் அம்மா யார் என்று கேட்டால், மேடையில் பாப் பாட்டுப் பாடினவள், இப்போது சபையில் பாடுகிறவள் என்று சொல். இரண்டையும் ஒரே மூச்சில் சொல், உனக்கு மூச்சு முட்டாது, நீ என் மகள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா