டி.வி. கேட்ட ஜெபமாலை

அன்பு மகள் எல்மிராவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இரண்டு பன்றிகளும் சுகம், மிலான் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். போன் என்றால் உன் அப்பா காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார், எனக்கு வார்த்தையே வருவதில்லை. மாடி கட்ட இன்னும் இரண்டு வருட வேலைக்கு மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாயே, அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

வாரம் ஒரு வீடாகத் தெருவைச் சுற்றும் மாதா சுரூபம் போன வாரம் நம் வீட்டு முறை. வைக்கத்தான் இடமில்லை, நீ அனுப்பிய டி.வி. கூடத்துச் சுவரையே அடைத்து நிற்கிறது. நகர்த்தலாம் என்றால் உன் அப்பா, "கூடைப்பந்து ஃபைனல் வருது, கழட்டினா மறுபடி யாரு மாட்டுறது?" என்று குறுக்கே நின்றுவிட்டார். சரியென்று என் கல்யாண முக்காட்டை மடித்து டி.வி. மேல் போர்த்தி, முன்னால் வரப்போகும் மாதாவுக்காகச் சின்ன மேஜையில் பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். முதல் நாள் ஜெபம் முடிகிறவரை நம் தெருவில் மாதாவை மூடிய முக்காட்டைத் திறப்பதில்லையே, அதுதான் வினையாயிற்று. நான் திரும்பி வந்தால் தெருவே டி.வி. முன்னால் முழங்காலில் நிற்கிறது! பாஸ்தோரா அக்கா பக்கத்தில் இருந்தவளிடம், "மாதா இந்த வருஷம் நல்லா சதை போட்டுட்டாளே" என்று கிசுகிசுக்கிறாள். ஜெபம் நடத்தும் கொரசோன் அக்கா தொடங்கிவிட்டால் இருமக்கூட விடமாட்டாள். நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான், என்ன பயன், நாலு பேர் நடுவில் வாய் திறக்க வெட்கப்பட்டு நானும் முழங்கால் போட்டேன். ஜெபமாலையில் மூன்று பத்து முடிந்தபோது வாசலில், மாதாவைக் கொண்டுவரப் போயிருந்த ஹொனோரியோ, மாதாவைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வழியில டயர் பஞ்சர், இவங்கள எங்க வைக்க?" என்றான். கொரசோன் அக்கா, "ஒருத்தரும் சிரிக்கக் கூடாது, முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றாள், அவள் வயிறுதான் முதலில் குலுங்கியது.

உன் அப்பா அப்புறம், "இதுல என்ன அதிசயம், பத்து மாசமா நாம ரெண்டு பேரும் தினம் இது முன்னாடிதானே ஊமையா உக்காந்திருக்கோம்" என்றார். சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க ஜெபம் முடிந்தும் யாரும் போகவில்லை, இஞ்சித் தண்ணியும் இலைச்சோறுமாக ஒரே பேச்சு. ஃபைனல் வந்து போனதுகூட உன் அப்பாவுக்குத் தெரியாது. மாதா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். முக்காட்டை எடுக்கட்டுமா என்றால், "கிடக்கட்டும், இப்பதான் அது பாக்க லட்சணமா இருக்கு" என்கிறார்.

தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு வெளியே போகாதே, பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா லியோனிலா

இப்போது அந்த விஷயம். முதல் பத்தில் ஆளாளுக்கு மனதுக்குள் ஒரு வேண்டுதல் வைப்போமே, என்னுடையதை நான் டி.வி.யிடம் வைத்துவிட்டேன். மறுபடி தொடங்கியபோது சிரிப்பை அடக்குவதிலேயே மறந்துபோனது. மாதாவுக்குப் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. டி.வி. உன்னுடையது, ஆகவே உன்னிடமே கேட்கிறேன்: மாடி வேண்டாம், கையெழுத்துப் போடாதே. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிடு.